கொஞ்சம் மெலிஞ்சிருக்குது, அவ்வளவுதான்

இருங்கோ தம்பி, அது ஆரும் இல்லாத சீற்றுத்தான். என்ர பையை நான் மடியில வைச்சுக்கொள்ளுறன். போனில தமிழில கதைச்சுக்கொண்டு ஏறினியள், அதுதான் கூப்பிட்டனான். இந்தியாவோ? நினைச்சனான். கொம்பியூட்டர் வேலையாத்தான் இருக்கும். நல்லது. நான் யாழ்ப்பாணம். பேர் தவயோகராசா. ஆனா இஞ்சை ஒருத்தருக்கும் அவ்வளவு நீளத்துக்கு நாக்குப் புரளாது. 'ஹெர் யோகா', அதாவது மிஸ்டர் யோகா எண்டுதான் கூப்பிடுவினம். என்ர சீவியத்தில ஒரு நாள் யோகா செய்ததில்லை. குனிஞ்சா நிமிரேலாத இடுப்பு.

எயார்போட்டுக்குத்தான் போறன். ஊருக்கு. அண்ணையைப் பாக்க. முப்பது வருசத்துக்குப் பிறகு பாக்கப் போறன். பையுக்கை முழுக்கச் சொக்லேட். அண்ணைக்குச் சீனி வருத்தம், வாயில வைக்கக் கூடாது. எண்டாலும் சுவிஸில இருந்து வெறுங்கையோட போகேலாதெல்லோ.

ஏன் இவ்வளவு காலம் போகேல்லை எண்டு கேப்பியள். எல்லாரும் கேக்கிறவை. சண்டை முடிஞ்சு எத்தினை வருசம், ஊரே போய் வருகுது, உனக்கென்ன கேடு எண்டு. நான் அகதியெண்டு பதிஞ்ச ஆள் தம்பி. அகதிக்கு இவங்கள் ஒரு பயணப் புத்தகம் தருவாங்கள். எல்லா நாட்டுக்கும் போகலாம், உன்ர நாட்டைத் தவிர எண்டு அதில வடிவா அடிச்சிருக்கும். சந்திரமண்டலத்துக்கும் போகலாம், அண்ணையிட்டைப் போகேலாது. அண்ணையை இந்தியாவுக்குக் கூப்பிட்டுச் சந்திக்கலாம்தான். ஆனா கிழமைக்கு ரெண்டு தரம் ஆசுபத்திரியில இரத்தம் சுத்திகரிக்கிற மனுசன் எங்கை பிளேன் ஏறுறது? ஆனபடியால் நான்தான் போகவேணும். அதுக்கு இவங்கட சிவப்புப் பாஸ்போட் வேணும். அதை எனக்குக் கிடைக்காமல் மறிச்சது ஆர் தெரியுமோ? பொலிசோ? இல்லை. அரசாங்கமோ? இல்லை. ஒரு ஐஸ்.

சிரியாதையுங்கோ. உண்மையாத்தான் சொல்லுறன். எனக்குப் பொய் வராது.

நான் இருக்கிறது மலையில ஒரு சின்ன ஊர். ரோப் கார் ஏறி மேல போனா ஒரு சாப்பாட்டுக் கடை. அந்தக் குசினியிலதான் இவ்வளவு காலமும். கோப்பை கழுவப் போனன், பிறகு உருளைக்கிழங்கு உரிச்சன், இப்ப சூப்பு முழுக்க என்ர பொறுப்பு. கோப்பை கழுவுற தொட்டிக்கு நேர ஒரு யன்னல் இருக்குது. நான் வந்த வருசம் அந்த யன்னல் முழுக்க ஐஸ்தான். வேற ஒண்டும் தெரியாது. பனியாறு எண்டு புத்தகத்தில சொல்லுவினம். பேர்போன ஆறு எண்டு நினையாதையுங்கோ. சின்னன். ரெண்டு மலைக்கு நடுவில வெள்ளைச் சாறம் ஒண்டைக் காயப்போட்ட மாதிரிக் கிடக்கும். 'ஃபிர்ன்லி' எண்டு பேர். இந்த ஊர்ச்சனம் தங்களுக்கு விருப்பமான எல்லாத்துக்கும் கடைசியில ஒரு 'லி' போடுவினம். நாங்கள் 'குஞ்சு' எண்டு கூப்பிடுறேல்லையோ, அது மாதிரி.

அந்த நாளையில கடை விறாந்தையால இறங்கினா ஐஸில கால் வைக்கலாம். சின்னப்பிள்ளையள் சூப்புக் குடிச்ச வாயோட இறங்கி ஓடுவினம். பிறகு ரெண்டு மூண்டு படி வைச்சுக் கட்டினாங்கள். பிறகு ஒரு மர ஏணி. பிறகு இரும்பு ஏணி. பிறகு ஏணியின்ர அடியில இருந்து கல்லுக்குள்ளால ஒரு நடைபாதை. பிறகு, 'முழங்கால் வருத்தம் உள்ளவை இறங்கவேண்டாம்' எண்டு எழுதி ஒரு பலகை. யன்னலிலயும் அப்பிடித்தான். முதல்ல முழு யன்னல், பிறகு அரை யன்னல். பிறகு நான் கழுத்தைச் சரிச்சுப் பாக்கவேணும். கடைசியில பியர்ப் பெட்டியைக் கவிட்டு வைச்சு அதில ஏறி நிண்டு பாத்தன். நான் கட்டையாப் போனனோ எண்டும் யோசிச்சன்.

முதலாளி வால்டர் நல்ல மனுசன். ஆனா வாயே திறக்கமாட்டார். 'ஐஸ் தெரியிற மேசை' எண்டு முந்தி விறாந்தை முழுக்க இருந்தது. ஒவ்வொரு வருசமும் மேசையளை இழுத்து இழுத்து மற்றப் பக்கம் கொண்டுபோனார். கடைசியில ஐஸ் தெரியிற மேசை ஒண்டே ஒண்டு மிஞ்சிச்சுது, கக்கூசுக்குப் பக்கத்தில. அதுக்குத்தான் சனம் அடிபடும். பிறகு மனுசன் என்ன செய்தார் தெரியுமோ? பழைய போட்டோ ஒண்டைச் சுவரளவுக்குப் பெரிசாக்கி ஒட்டிவிட்டார். சனமும் வந்து, உண்மையான மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தப் போட்டோவுக்கு முன்னால நிண்டு படம் எடுத்துக்கொண்டு போகுது. சூப்பு நல்லா ஓடுது.

அண்ணைக்கு இந்த ஐஸில பெரிய பைத்தியம். அவர் ஊரில ஐஸ் கொம்பனியில வேலை செய்தவர். மீனுக்குப் போடுற ஐஸ், கட்டி கட்டியா வரும். நான் இஞ்சை வந்து முதல் ரெலிபோன் எடுத்து, 'அண்ணை, யன்னலுக்கு வெளியால ஒரு மலையளவு ஐஸ் கிடக்குது' எண்டு சொல்ல, அவர் கேட்டது, 'ஆற்றை ஐஸ்? ஆர் சொந்தக்காரன்? எத்தினை கட்டி வரும்?'

ஆற்றையும் இல்லை, சும்மா கிடக்குது எண்டன். நம்பேல்லை. ஐஸ் எங்கையாவது சும்மா கிடக்குமோ எண்டார். அண்டையில இருந்து எப்ப கதைச்சாலும் முதல் கேள்வி, 'உன்ர ஐஸ் எப்பிடி இருக்குது?'

நான் 'நல்லா இருக்குது' எண்டுவன். கரையுது எண்டு ஒருக்கா வாய்தவறிச் சொல்லிப்போட்டன். உடன 'விசரா, மரத்தூளைக் கொட்டிச் சாக்கால மூடச் சொல்லு' எண்டார். வால்டரிட்டைச் சொன்னன். விழுந்து விழுந்து சிரிச்சார். பிறகு ஒரு கோடையில பாத்தா ஹெலிகொப்டரில கட்டுக் கட்டா வெள்ளைத் துணி வந்து இறங்குது. ஐஸை மூடுறதுக்காம். சாக்குத்தான், நிறம் வெள்ளை, அவ்வளவுதான். அண்ணைக்குச் சொன்னன். மனுசனுக்குச் சரியான புளுகம், சந்தோசம் தாங்கேல்லை. ஆசுபத்திரியில பக்கத்துக் கட்டில்காரருக்கெல்லாம் சொல்லியிருக்கிறார், சுவிஸ்காரர் தன்னட்டைக் கேட்டுத்தான் செய்யினம் எண்டு.

கோடை தொடங்க நாங்களும் போய் இழுத்து மூடுவம், குளிர் வரச் சுருட்டுவம். மூடினாப்பிறகு மேல இருந்து பாத்தா எனக்கு வேற ஒரு நினைப்பு வரும். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. எங்கட ஆக்கள் அப்பிடியெல்லாம் வாயால சொல்லுறேல்லை. உங்களுக்குத் தெரியும்தானே.

மூடியும் நிக்கேல்லை. இனி ஃப்ராவ் கெம்ப்பின்ர கதைக்கு வாறன்.

'ஃப்ராவ்' எண்டா இஞ்சை பொம்பிளையளை மரியாதையாக் கூப்பிடுறது. ஃப்ராவ் கெம்ப் பள்ளிக்கூடத்தில படிப்பிச்ச மனுசி. தனிக்கட்டை. அவவின்ர தகப்பன் ஒவ்வொரு மாரி தொடங்கவும் மேல ஏறி, ஐஸ் முடியிற இடத்தில கல்லில சிவப்பு மையால கோடு போட்டு அளக்கிறவர். அவர் செத்தாப்பிறகு மனுசி போடுது. சம்பளம் ஒண்டும் இல்லை. மைப்பேணியும் பிரஷுமா வந்து, இறங்கிப்போய்க் கோடு கீறிப்போட்டு, ஏறிவந்து குசினியில குந்தும். நான் சூப்பு வார்த்துக் குடுப்பன். 'எப்பிடி இருக்குது?' எண்டு கேப்பன். 'கூடாது' எண்டு சொல்லும். நான் சொல்லுவன், 'யோசிக்காதையுங்கோ, வாற வருசம் நல்லாப் பனி கொட்டும், எழும்பியிடும்.' மனுசி என்னை ஒரு மாதிரிப் பாக்கும். வெள்ளையளுக்கு ஆறுதல் சொன்னாலும் பிடிக்காது.

ஒரு வருசம் வந்தா. கீழ இறங்கேல்லை. விறாந்தையில நிண்டு பாத்துப்போட்டு வந்து, மைப்பேணியைத் திறக்காமலே மேசையில வைச்சா. 'இனி அளக்கிறேல்லை' எண்டா. அது இனிப் பனியாறு இல்லையாம், பெரிய படிப்புப் படிச்சவை கணக்கில இருந்து எடுத்துப்போட்டினமாம். அது அசையிறதையே விட்டிட்டுதாம். அசையாட்டி அது சும்மா கிடக்கிற ஐஸாம். அண்ணை கேட்டது நினைவு வந்தது எனக்கு, ஐஸ் எங்கையாவது சும்மா கிடக்குமோ எண்டு. நான் மனுசிக்குச் சூப்பில இன்னும் ரெண்டு அகப்பை விட்டன். வேற என்ன செய்யிறது?

அடுத்த மாதம்தான் எனக்குப் பாஸ்போட் விசாரணை. இஞ்சை அரசாங்கம் முதல் கேக்கிறேல்லை தம்பி, ஊர்தான் கேக்கும். ஊர்ச்சனம் கொஞ்சப்பேர் மேசைக்கு அங்கால வரிசையா இருந்து, 'இவன் எங்கட ஆள்தானோ' எண்டு பாப்பினம். ஊர் மண்டபத்தில வைச்சுத்தான். நான் கோட்டுப் போட்டுக்கொண்டு போனன். தலைவர் ஒரு ஹொட்டல்காரர். பக்கத்தில மூண்டு நாலு பேர். கடைசிக் கதிரையில ஃப்ராவ் கெம்ப்.

என்ன சீஸ் செய்யிறது, ஆத்துக்கு என்ன பேர், குப்பையை என்னெண்டு பிரிக்கிறது, எல்லாம் தண்ணியாச் சொன்னன். தலைவர் தலையாட்டுறார், சரிவந்திட்டுது எண்டு நினைக்கிறன். அந்த நேரம் பாத்து ஃப்ராவ் கெம்ப் கேக்கிறா: 'ஹெர் யோகா, எங்கட ஃபிர்ன்லி இப்ப எப்பிடி இருக்குது?'

நீங்கள் சொல்லுங்கோ தம்பி. நீங்கள் என்ன சொல்லுவியள்? ஒரு வருத்தக்காரனைப் பாக்கப் போறம். எலும்பும் தோலுமாக் கிடக்கிறான். மூக்கில குழாய். தலைமாட்டில அவன்ர சனம் எங்கட முகத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது. என்ன சொல்லுவம்? 'முந்தினதுக்கு இப்ப முகம் நல்ல தெளிவு. கொஞ்சம் மெலிஞ்சிட்டியள், அவ்வளவுதான். சாப்பிட்டா எழும்பியிடுவியள்.' அப்பிடித்தானே? வெளியால வந்து, கேற்றைத் தாண்டித்தானே கண்ணைத் துடைப்பம்? அது பொய்யில்லை, அது ஒரு மரியாதை.

நான் அந்த மனுசியின்ர முகத்தைப் பாத்தன். தகப்பனுக்குப் பிறகு அவவுக்கு மிஞ்சினது அந்த ஐஸ் ஒண்டுதான். நேர முகத்துக்கு என்னெண்டு சொல்லுறது? சிரிச்சுக்கொண்டு சொன்னன், 'நல்லா இருக்குது. கொஞ்சம் மெலிஞ்சிருக்குது, அவ்வளவுதான். வாற வருசம் பனி கொட்டினா எழும்பியிடும்.'

ஹொட்டல்காரருக்கு நல்ல சந்தோசம். மற்றவையும் தலையாட்டிச்சினம். ஃப்ராவ் கெம்ப் பேனையை மேசையில வைச்சா. 'எனக்கு வேற கேள்வி இல்லை' எண்டா. கொஞ்ச நாளில கடிதம் வந்தது: ஊரைப்பற்றின அறிவு போதாது, ரெண்டு வருசம் கழிச்சுத் திருப்பி வா. எல்லாரும் ஓமெண்டாத்தான் ஓமாம். ஆர் மாட்டன் எண்டது எண்டு கேக்கவேண்டிய தேவை இல்லை.

எனக்கு விசர் வந்தது. நேர அவவின்ர வீட்டை போனன். எத்தினை வருசம் ஊத்தின சூப்பு! 'உங்கட மனம் நோகக்கூடாது எண்டுதானே நான் அப்பிடிச் சொன்னன்?' எண்டு கத்தினன். மனுசி கதவில நிண்டபடியே சொல்லுது: 'ஹெர் யோகா, நான் ஆறுதல் கேக்கேல்லை. அது செத்துப்போச்சு எண்டு இந்த ஊரில ஒருத்தரும் சொல்லுறாங்கள் இல்லை. வால்டர் சொல்லமாட்டார், ஹொட்டல்காரர் சொல்லமாட்டார், அவைக்கு வியாபாரம். நீங்கள் ஒவ்வொரு நாளும் யன்னலால பாக்கிற ஆள். நீங்களாவது சொல்லுவியள், பக்கத்தில இருந்து ஒருக்கா அழலாம் எண்டு இருந்தன். நீங்களும் என்னைத் தனிய விட்டிட்டியள்.'

பாத்தியளோ கதையை? அழுறதுக்கு ஆள் தேடித்தான் என்ர பாஸ்போட்டை மறிச்சிருக்குது. கல்நெஞ்சுக்காரர் தம்பி இவங்கள். எங்கட சனத்துக்கு இருக்கிற இரக்கம் இவங்களுக்கு வராது.

அந்த ஐஸிலயும் எனக்குக் கோவம்தான். எத்தினையாயிரம் வருசம் கிடந்தனி, என்ர விசாரணை முடியுமட்டும் பொறுக்கேலாதோ?

அண்ணைக்கு நான் ஒண்டும் சொல்லேல்லை. 'பாஸ்போட் வருகுது அண்ணை, ஒப்பீசில வேலை கூடவாம்' எண்டன். அவரும் ஒண்டும் சொல்லேல்லை. 'எப்பிடி இருக்கிறியள்?' எண்டா 'நல்லா இருக்கிறன், கொஞ்சம் மெலிஞ்சிட்டன், உன்ர ஐஸ் எப்பிடி?' எண்டுவார். 'அதுவும் உங்களை மாதிரித்தான், கொஞ்சம் மெலிவு' எண்டு நான் சொல்ல, ரெண்டு பேரும் சிரிப்பம். அண்ணிதான் போனைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய், குரலைத் தணிச்சு, 'கெதியா வாங்கோ தம்பி, பிந்தாமல் கெதியா வாங்கோ' எண்டுவா. பாவம், பொம்பிளையள் எல்லாத்துக்கும் பயப்பிடுவினம். அண்ணையே நல்லா இருக்கிறன் எண்டுதானே சொன்னவர்? அவருக்கும் என்னை மாதிரித்தான், பொய் வராது.

முதல் வீடியோவில கட்டில் முழுக்கத் தெரியும். பிறகு முகம் மட்டும் காட்டினவை. பிறகு குரல்தான். சிக்னல் காணாதாம். ஊரில உந்தப் பிரச்சினை கனகாலமா இருக்குது.

ரெண்டு வருசம் கழிச்சுத் திருப்பிப் போனன். அதே மண்டபம், அதே கோட்டு, கொஞ்சம் இறுக்கம். ஃபிர்ன்லி கிடந்த இடத்தில அப்ப கல்லும் சேறும்தான். துணியையும் சுருட்டிக் கொண்டுபோயிட்டாங்கள், மூடுறதுக்கு ஒண்டும் இல்லை எண்டு. சீஸ், ஆறு, குப்பை எல்லாம் முடிஞ்சுது. ஃப்ராவ் கெம்ப் என்னைப் பாக்கிறா. கேக்கப் பயந்த மாதிரி ஒரு பார்வை. பிறகு கேட்டா, அதே கேள்வி.

வீட்டில கண்ணாடிக்கு முன்னால நிண்டு கன தரம் சொல்லிப் பழகினனான். எண்டாலும் வாய் வரேல்லை தம்பி. டொச்சில, இவங்கட பாசையில, ஒரே ஒரு சொல்லுத்தான். அதைச் சொல்ல நான் பட்ட பாடு! ஹொட்டல்காரர் உதவிக்கு வாறார், 'கொஞ்சம் பின்வாங்கியிருக்குது எண்டு சொல்ல வாறியள் என்ன?' எண்டு. 'அவரை விடுங்கோ, அவர் சொல்லட்டும்' எண்டா ஃப்ராவ் கெம்ப்.

'செத்துப்போச்சு' எண்டன். 'ஃபிர்ன்லி செத்துப்போச்சு. நான் யன்னலால பாத்துக்கொண்டுதான் இருந்தனான்.'

மனுசி எழும்பி வந்து என்ர ரெண்டு கையையும் பிடிச்சுது. பிடிச்சுக்கொண்டு அழுதுது, எல்லாருக்கும் முன்னால. என்ர கண்ணும் கலங்கிப்போச்சு. ஏனெண்டு எனக்கு இண்டைக்கும் விளங்கேல்லை. நான் அந்த நேரம் அண்ணையைப்பற்றி ஒண்டும் நினைக்கேல்லை. எல்லாரும் கையைத் தூக்கிச்சினம். ஒரு சாவைச் சொல்லி நான் சுவிஸ்காரன் ஆனன் தம்பி.

பிறகு அதுக்கங்கால மாநிலம், அதுக்கங்கால நாடு எண்டு ஒப்பீசு ஒப்பீசாப் போய் இன்னும் ரெண்டு வருசம் இழுபட்டுது. போன கிழமைதான் பாஸ்போட் கைக்கு வந்தது. இஞ்சை பாருங்கோ. வடிவான சிவப்பு என்ன? உடன ரிக்கற் போட்டன். முந்தநாள் அண்ணையோட கதைச்சன். சத்தம் வலு மெல்லிசா இருந்தது. 'உன்ர ஐஸில ஒரு கட்டி கொண்டு வாவன்' எண்டு பகிடி விட்டார். 'கொண்டு வாறன்' எண்டன்.

நேற்றுப் பின்னேரம் எடுக்க அண்ணிதான் தூக்கினா. அண்ணை நித்திரையாம். 'எழுப்புங்கோ, விடியப் பிளேன் ஏறுறன் எண்டு சொல்லவேணும்' எண்டன். 'வேண்டாம் தம்பி, படுக்கட்டும்' எண்டா. பின்னால சனத்தின்ர சத்தம். கதிரையள் இறக்கி அடுக்கிற சத்தம். நான் வாறன் எண்டு ஊரையே கூட்டிப்போட்டினம் போல. அண்ணை அப்பிடித்தான், எல்லாத்தையும் பெரிசாச் செய்வார். 'எல்லாம் ஓகேயோ அண்ணி?' எண்டு கேட்டன். அவ சொன்னா, 'ஒண்டும் இல்லை. நீங்கள் பதறாமல் வாங்கோ. அவசரம் இல்லை தம்பி, ஆறுதலாச் சாப்பிட்டு வாங்கோ.'

அவசரம் இல்லையாம். நாலு வருசமாக் 'கெதியா வாங்கோ, கெதியா வாங்கோ' எண்டு அழுத மனுசி, நேற்று அவசரம் இல்லை எண்டுறா. அப்ப வருத்தம் குறைஞ்சிருக்கும் என்ன? குறைஞ்சபடியால்தானே அவசரம் இல்லை எண்டுறா? இரவு முழுக்க அதைத்தான் யோசிச்சுக்கொண்டு கிடந்தன். நித்திரையே வரேல்லை. சந்தோசத்தில நித்திரை வராதெல்லோ.

ஏன் தம்பி முகத்தைத் திருப்புறியள்? யன்னலைப் பாக்காதையுங்கோ, வெளியால ஒண்டும் இல்லை. என்னைப் பாத்துச் சொல்லுங்கோ. அவசரம் இல்லை எண்டா என்ன அர்த்தம்?

வேண்டாம், விடுங்கோ. நீங்கள் எங்கட ஆள், நல்ல பிள்ளை, நீங்கள் என்ன சொல்லுவியள் எண்டு எனக்குத் தெரியும். உந்த இடத்தில ஃப்ராவ் கெம்ப் இருந்திருந்தா நான் கேட்டிருப்பன். அந்த மனுசி கையைப் பிடிச்சுக்கொண்டு ஒரு சொல்லில சொல்லியிருக்கும்.

என்ன சொன்னனியள்? ரெயின் சத்தத்தில கேக்கேல்லை, இன்னொருக்காச் சொல்லுங்கோ.

ஓம். ஓம் தம்பி. நானும் அப்பிடித்தான் நினைக்கிறன். நித்திரையாத்தான் இருப்பார்.